மதி தனியாகப் போன தோட்டம்

ஜூன் 2, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். வானம் மூடிக் கிடக்கிறது. மழை இல்லை, வெயிலும் இல்லை.

மசாகி விமான நிலையத்துக்கு வந்திருந்தான். திருநெல்வேலியில் மாப்பிள்ளைக் கோலத்தில் பார்த்தவன் பாதியாகிவிட்டான். குனிந்து வணங்கினான். நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. நிமிர்ந்ததும், "எப்பா, வந்துட்டியா? ரொம்ப மெலிஞ்சி போய்ட்டியே" என்றான்.

அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் என் மகள் மதி சொல்லிக் கொடுத்தது. வேறு யாரோடும் அவன் தமிழ் பேசிப் பழகவில்லை. அதனால் அவள் என்னிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசுகிறான். மாமனாரை மருமகன் 'நீ' என்று சொல்வது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். ரயிலில் வரும் வழியெல்லாம் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். திருத்தவில்லை.

டோக்கியோவிலிருந்து ரயிலில் வெகுதூரம் தள்ளி, குன்றுகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். வீடு மூன்றாவது மாடியில். முன்னறையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் மதியின் படம், பக்கத்தில் ஜரிகைத் துணி போர்த்திய ஒரு ஜாடி. செம்பு அளவுதான் இருக்கும் என்று எண்ணி வந்திருந்தேன். குடம் போல் இருந்தது. இங்கே சாம்பலாகும்வரை எரிப்பதில்லையாம். எலும்பை எலும்பாகவே எடுத்து வைக்கிறார்கள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காலை, சமையலறையில் தலை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அது கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தகனத்தை மசாகி போனில் காட்டினான். மதியின் அம்மா சண்முகவடிவு பார்த்தாள்; மூடிய பெட்டிதான் தெரிந்ததாம். நான் மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தேன்.

சண்முகவடிவுக்குப் பிப்ரவரியில் இதய வால்வு மாற்றினார்கள். விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "பிள்ளைய அங்கன விட்டுட்டு வந்துராதீய. முழுசா கூட்டிட்டு வந்துருங்க. நம்ம ஆத்துல கரைக்கணும்" என்றாள்.

இன்று சாப்பிட்டு முடித்ததும் மசாகியிடம் அதைச் சொன்னேன். இவர்கள் வழக்கப்படி ஒரு நாள் குறித்து, இவர்கள் குடும்பக் கல்லறைக்குள் அந்த ஜாடியை வைக்க வேண்டுமாம். நான் வருவதற்காக நிறுத்தி வைத்திருக்கிறான். நான் சொன்னதைக் கேட்டு உடனே தலையாட்டினான்.

"கொண்டு போப்பா. அவ ஒன் பிள்ளதான."

பிறகு தேநீர் ஊற்றினான். கோப்பைக்கு வெளியே கொட்டியது. "ஏல, பாத்து ஊத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தான்.

ஜூன் 3, திங்கள்

தூக்கம் இல்லை. காலையில் மசாகி மதியின் படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, ஒரு சிறிய மணியைத் தட்டி, "மதி, போய்ட்டு வாரேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். வீட்டில் அவளும் நானும்.

ஜூன் 4, செவ்வாய்

வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. பூத் தோட்டத்துக்குப் போனேன்.

வருஷா வருஷம் ஜூன் மாதம் மதி போனில் சொல்லுவாள். "நாங்க ஐரிஸ் தோட்டத்துக்குப் போனோம்பா. நீ பாத்தா வயல்னுதான் சொல்லுவ." நான் சரி என்று சொல்லிப் போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அந்தத் தோட்டம் எங்கே என்று மசாகியிடம் கேட்டிருந்தேன். போனைப் பார்த்து ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்திருந்தான். நடந்துபோகும் தூரம்தான்.

உண்மையிலேயே வயல்தான். இரண்டு குன்றுகளுக்கு நடுவே தாழ்வான நிலம், பாத்தி பாத்தியாக வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். நெல் நிற்க வேண்டிய இடத்தில் பூ நிற்கிறது. கோரை போல நீட்டு இலை, இடுப்பளவு தண்டு, அதன் உச்சியில் கையகலத்துக்கு ஒரு பூ. ஊதா, வெள்ளை, வெள்ளையில் ஊதா நரம்பு ஓடியது. இதழ்கள் நிமிர்ந்து நிற்கவில்லை. நனைத்துப் பிழிந்த துணிபோலத் தொங்குகின்றன. தண்ணீருக்கு மேலே பலகைப் பாலம் வளைந்து வளைந்து போகிறது. வரிசை ஒழுங்காக இருந்தது. முப்பது வருஷம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவனுக்கு முதலில் வரிசைதான் கண்ணில் படும்.

கூட்டமில்லை. வந்திருந்த நாலைந்து பேரும் கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் சத்தமில்லாமல் நடந்தார்கள். எனக்கு இருமல் வந்தது. வெளியே போய் இருமிவிட்டு வந்தேன்.

கூரை போட்ட ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. மத்தியானம்வரை அதில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூன் 5, புதன்

இங்கே குப்பை போடுவது பெரிய வேலை. இன்று எரிக்கும் குப்பை மட்டும் போடும் நாளாம். நான் போட்ட பையைக் கீழ்வீட்டு அம்மாள் மெதுவாகத் திருப்பி என் கையிலேயே கொடுத்தாள். உள்ளே பால் டப்பா இருந்ததாம்.

மதியின் அலமாரியில் புளி, மிளகு, சீரகம் எல்லாம் இருந்தன. ரசம் வைத்தேன். மசாகி ஒரு வாய் குடித்தான். எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. திரும்பி வந்து மிச்சத்தையும் குடித்து, "உப்பு கம்மிப்பா" என்றான்.

மதியும் அதையேதான் சொல்லுவாள்.

ஜூன் 6, வியாழன்

தோட்டம். தொப்பியிலிருந்து கழுத்து மறையத் துணி தொங்கவிட்ட ஒரு பெண் வயலுக்குள் இறங்கி நின்று வாடிய பூக்களைக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும்போல. வாடியதும் மை கசிந்த துணியாகிவிடுகிறது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் விடாமல் பார்த்தாள். பிறகு வரப்போரம் வந்து ஏதோ கேட்டாள். அதில் எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான்: "மதி-சான்?" சான் என்பது இங்கே மரியாதைக்குப் பெயரோடு சேர்ப்பது.

எனக்கும் மதிக்கும் மூக்கு ஒன்று என்று எல்லோரும் சொல்வார்கள்.

நெஞ்சில் கைவைத்து "அப்பா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் யாரையோ தேடுவதுபோல் எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் குனிந்து வணங்கிவிட்டு வந்துவிட்டேன். சரியாக வணங்கினேனா என்று தெரியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

மழை. எங்கும் போகவில்லை. துணி உள்ளேயே காய்கிறது. சண்முகவடிவு பேசினாள்.

"பிள்ள எங்கன இருக்கா?"

"முன்ரூம்ல."

"விளக்கு ஏத்துதியளா?"

"ஊதுபத்தி வைக்கான்."

"தனியா விட்டுட்டு வெளிய போகாதீய."

சரி என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

மசாகிக்கு விடுமுறை. தோட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். தயங்கினான். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வந்தான்.

பூ முழுவதும் விரிந்துவிட்டது. வயல் தெரியவில்லை, ஊதாதான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குக்கூடக் கூட்டம் அவ்வளவாக இல்லை. மசாகி பலகைப் பாலத்தில் நின்று நாலாபக்கமும் பார்த்தான். புதிதாக ஓர் ஊருக்கு வந்தவன் பார்ப்பதுபோல் இருந்தது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவன் என்னைக் கேட்டான்.

தொப்பிக்காரப் பெண் வந்தாள். அவளுக்கு ஓகுபோ என்று பெயர். மசாகியோடு பேசினாள். அவன் ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து குனிந்து நின்றாள். மதி இல்லை என்று சொல்லியிருக்கிறான் என்று புரிந்தது. பிறகு அவள் அவனிடம் இன்னும் ஏதோ கேட்டாள். அவன் காது சிவந்துவிட்டது.

அவள் போன பிறகு கேட்டேன். "என்ன கேட்டா?"

"ஒண்ணுமில்லப்பா."

"என்னமோ கேட்டாளே."

மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம். மழை தூறியது. அவன் குடையை மடக்கி, விரித்து, மறுபடியும் மடக்கினான்.

"நீங்க யாருன்னு கேட்டாங்க. மதியோட வீட்டுக்காரன்னு சொன்னேன்." நிறுத்தினான். "மதி-சானுக்கு வீட்டுக்காரர் உண்டான்னு கேட்டாங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அவங்க மதிக்கு இங்க யாருமே இல்லன்னு நெனச்சிருக்காங்கப்பா. எல்லா வருசமும் தனியாத்தான வருவா. காலைல வந்து, சோறு கட்டிட்டு வந்து, இங்கனயே இருந்து சாப்ட்டுப் போவாளாம்."

"நீ வந்ததே இல்லயா?"

"இல்ல."

"நாங்க போனோம், நாங்க போனோம்னுல்லா சொல்லுவா."

"வாரேன் வாரேன்னு சொல்லுவேன்ப்பா. சனிக்கெழமையும் வேல இருக்கும். ஞாயித்துக்கெழம தூங்கிருவேன். அடுத்த வருசம் கண்டிப்பா போவோம்னு சொல்லுவேன். அவ சரின்னுருவா. சண்ட போடமாட்டா."

சண்டை போடமாட்டாளா? என் மதியா? பள்ளிக்கூடத்தில் கபடி ஆடும்போது நடுவர் தப்பாக விசில் ஊதினால் கோட்டை விட்டு நகராமல் நிற்பவள். அந்த நடுவர் நான்தான்.

நான் எழுந்து நடந்தேன். குடையை எடுக்கவில்லை. "எப்பா, எப்பா" என்று பின்னால் கூப்பிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. வழி தவறி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். எழுத்தெல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது. ஒரு கடைக்காரர் கையைப் பிடித்து நிலையம்வரை கொண்டுவந்து விட்டார். நனைந்துபோய் வீட்டுக்கு வந்தேன்.

கோபம் ஒன்றும் இல்லை. சளி பிடிக்கும்போல் இருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

சண்முகவடிவிடம், "முழுசா கொண்டு வாரேன். ஒரு துண்டுகூட இங்க விடமாட்டேன்" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சத்தமாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டாள். தோட்டத்தில் நடந்ததைச் சொல்லவில்லை.

ஜாடி பெரிய பைக்குள் போகுமா என்று அளந்து பார்த்தேன். துணிமணியை எடுத்துவிட்டால் போகும்.

ஜூன் 11, செவ்வாய்

மசாகியும் நானும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு மாத்திரையும் வெந்நீரும் வைத்திருந்தான். இருமலுக்காம். எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

தோட்டத்துக்குப் போகக் கூடாது என்று இருந்தேன். போனேன்.

ஓகுபோ என்னைப் பார்த்ததும் வயலிலிருந்து ஏறி வந்தாள். கைகழுவிவிட்டு வந்து மண்டபத்தில் எனக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். பேச முடியாது என்று இருவருக்கும் தெரியும். அவள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதில் வைத்துக் காட்டினாள். போன். "மதி-சான்" என்றாள். அப்புறம் வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமே வராமல் சிரித்துக் காட்டினாள். கையை இப்படியும் அப்படியும் வீசிப் பேசிக் காட்டினாள். மதி அச்சு அசலாக அப்படித்தான் பேசுவாள். பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார வேண்டும்.

ஓகுபோ சுற்றிலும் இருந்த ஆட்களைக் காட்டி, அவர்களெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதுபோல் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த இடத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள்.

போனில் பேசியது எங்களோடுதான். இங்கிருந்துதான் பேசியிருக்கிறாள். வேலைநாளில்கூட இந்த மாதத்தில் அவள் அழைப்பு வரும். அம்மாவோடு மணிக்கணக்கில் பேசுவாள். என்னோடு அவ்வளவு பேசமாட்டாள். நான் போனில் அதிகம் பேசுகிறவன் இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

போன வருஷம் ஒருமுறை, பின்னால் என்ன சத்தம் என்று கேட்டேன். "தவளப்பா. இன்னும் கொஞ்சம் கேளு" என்று போனை எங்கேயோ நீட்டினாள். எனக்கு ஸ்கூல் விளையாட்டு விழாவுக்கு அழைப்பு வந்திருந்தது. அவசரமாகப் போய்விட்டேன்.

இன்று தவளைகள் கத்தவில்லை. வெயிலாக இருந்ததால் இருக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

மசாகி வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டான். இப்படி வந்து நான் பார்த்ததில்லை. நான் குளிக்கப் போனேன். இங்கே தொட்டியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது என் போன் அடித்தது. அவன் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"எம்மா, நான் மசாகி பேசுதேன்."

மதி போன பிறகு சண்முகவடிவு அவனோடு பேசவே இல்லை. போனைக் கொடுத்தால் வேண்டாம் என்று கையாட்டிவிடுவாள். அவன் தமிழைக் கேட்டால் தாங்க முடியாது என்று நினைத்தாளோ என்னவோ.

"எம்மா, கேக்குதா? நெஞ்சு வலி எப்பிடி இருக்கு? மாத்திர போட்டியா?"

கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது. "போட்டேன்யா. நீ சாப்ட்டியா?"

"இல்லம்மா. இனிமேதான்."

"நான் ஒண்ணு கேக்கணும். இவுக கேக்கமாட்டாக. அவளுக்கு என்ன உடுத்தி அனுப்புனீய?"

தொட்டியில் தண்ணீர் அசையாமல் இருந்தேன்.

"மாம்பழக் கலர் சேலம்மா. நீ கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்தியே, அது. இங்க வெள்ள உடுப்புதான் போடுவாங்க. எங்கம்மா வேண்டாம்னுட்டாங்க. மதிக்குச் சேலதான் கட்டணும்னாங்க. ஆனா அவங்களுக்குக் கட்டத் தெரியாது. போன்ல வீடியோ பாத்து, நிறுத்தி நிறுத்திப் பாத்துக் கட்டுனாங்க. ரொம்ப நேரம் ஆச்சு. நான் தூக்கிப் பிடிச்சிக்கிட்டேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "கொசுவம் சரியா வரலம்மா. நாலு தடவ பிரிச்சிக் கட்டுனாங்க. கடைசி வரைக்கும் சரியா வரல. எங்கம்மா மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. இத்தன நாளா நான்தான் சொல்லல."

சண்முகவடிவு அழுதாள். இந்த ஒன்றரை மாதத்தில் அவள் அழுது நான் கேட்டதில்லை. டாக்டர் அழக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"கொசுவம் வரலன்னா என்னய்யா. கட்டுனாங்கல்ல. ஒங்கம்மா நல்லா இருக்கணும். மகராசியா இருக்கணும்."

பிறகு அவன் சொன்னான். "எம்மா, நான் அவளத் தனியா விட்டுட்டேன். பூ பாக்கக்கூடப் போகல. அப்பாவுக்கு என் மேல கோவம்."

"அவுகளா? அவுக என்னைய எந்தத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாக? இங்கன இருக்க குத்தாலத்துக்கு ஒரு சீசனுக்குப் போவோம்னு முப்பத்தெட்டு வருசமாச் சொல்லுதாக. பிள்ள மேல உசுரா இருந்தாப் போதும்யா. நீ இருந்தல்ல."

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்பாட்டப் போனக் குடு."

துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து வாங்கினேன். அவள் சொன்னாள். "ஏங்க, முழுசா கொண்டு வரவேண்டாம். எனக்குக் கொஞ்சம் போதும். அந்தப் பிள்ளைக்கும் வேணும்ல."

சரி என்றேன். மசாகி முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். என் தலையிலிருந்து தண்ணீர் அவன்மேல் சொட்டியது. அவன் தோளைத் தொட்டேன். "எந்திரி. ரசம் சூடு பண்ணணும்" என்றேன்.

ஜூன் 15, சனி

மசாகியின் அம்மா கியோமி வந்தார். சிறிய உருவம். கறுப்பு உடை. என்னைப் பார்த்ததும் தரையில் கைகளை ஊன்றி நெற்றி படும்படி வணங்கினார். எனக்கு அப்படிக் குனிய வராது, முழங்கால் மடங்காது. இரண்டு கைகளையும் கூப்பி நின்றேன். சேலை கட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மசாகியிடம் சொன்னேன். அவன் மொழிபெயர்ப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. இடுப்புக்குமேல் கையால் மடிப்பு மடிப்பாகப் பிடித்துக் காட்டி, தலையை ஆட்டினார். வரவில்லை, வரவில்லை என்று.

எனக்கென்று ஒரு சின்ன ஜாடி கொண்டுவந்திருந்தார். கோப்பை அளவு. அதற்கு அவரே வெள்ளைத் துணியில் பை தைத்திருந்தார்.

பெரிய ஜாடியின் மூடியை மசாகி திறந்தான். பார்க்கமாட்டேன் என்று நினைத்தேன். பார்த்தேன். வெள்ளையாக, உலர்ந்து, அமைதியாக இருந்தது. பயம் வரவில்லை. அவன் மூங்கில் குச்சிகளால் மேலே இருந்த ஒரு சிறிய எலும்பை எடுத்தான். அதைத்தான் எல்லாவற்றுக்கும் கடைசியாக, மேலே வைப்பார்களாம்.

"இது கழுத்து எலும்புப்பா. பாரு, சாமி உக்காந்திருக்க மாதிரி இருக்கும். தொண்டைக்குப் பக்கத்துல இருக்கும். இதுதான் ரொம்ப முக்கியம். நீ கொண்டு போ."

கியோமி தலை குனிந்திருந்தார். அதைக் கொடுப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தக் குனிந்த தலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

தொண்டை. காலையில் எழுந்ததும் அவள் போடும் சத்தம். எப்பா என்று அவள் கூப்பிட்டால் மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும். ஆனால் அவள் கடைசியாகப் பேசிய வருஷங்களெல்லாம் இங்கேதான். இவனோடுதான்.

"அது ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"இல்லப்பா..."

"இருக்கட்டும்யா. ஒனக்குத்தான் பேசச் சொல்லிக் குடுத்தா."

அவன் அதைத் திருப்பி வைத்தான். பிறகு கையெலும்பில் சிறியதாக இரண்டு துண்டுகளை நானே எடுத்து எங்கள் ஜாடியில் போட்டேன். குச்சியால் எடுக்க வரவில்லை. விரலால் எடுத்தேன்.

ஜூன் 17, திங்கள்

மசாகி வேலைக்கு லீவு சொல்லிவிட்டான். இருவரும் தோட்டத்துக்குப் போனோம். பூ பாதிக்குமேல் முடிந்துவிட்டது. நல்ல மழை. எங்களைத் தவிர யாரும் இல்லை. அவன் சோறு கட்டி வந்திருந்தான். எலுமிச்சைச் சோறு, எண்ணெய் அதிகம். மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒவ்வொரு பூவுக்கும் முன்னால் பெயர்ப் பலகை இருக்கிறது. அவன் எனக்கு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். தமிழில் சொல்லத் தெரியாததை அப்படியே விட்டுவிட்டான்.

ஒரு பெயர் மட்டும் நினைவிருக்கிறது. வைகறை நிலவு என்ற மாதிரி ஏதோ.

ஜூன் 18, செவ்வாய்

விமானம். பையை மேலே வைக்கச் சொன்னார்கள். மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். பணிப்பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விட்டாள்.

ஜூன் 21, வெள்ளி

எங்கள் ஊர்க் குறுக்குத்துறை. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. மேற்கே சாரல் விழுந்திருக்கிறது போல, காற்று குளிர்ச்சியாக இருந்தது.

காலையிலேயே ஆட்டோ பேசிப் போனோம். ஐயர் படித்துறையில் எல்லாம் தயாராக வைத்திருந்தார். எள், தர்ப்பை, பூ. நான் வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினேன். சண்முகவடிவு மூன்றாவது படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தாள். நேற்று முன்தினம் நான் கொடுத்ததிலிருந்து அவள் அதைத் திறக்கவில்லை. மேல் துணியில் கியோமி போட்டிருந்த தையலை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருப்பாள்.

"கொண்டாங்கம்மா, நேரமாகுது" என்றார் ஐயர்.

அவள் கொடுக்கவில்லை.

"என்ன?" என்றேன்.

"நாம பெத்தோம். சரி. ஆனா அவ புருசன் இல்லாம எப்பிடிங்க கரைக்கது?"

"அவன் அங்கன இருக்கான்லா."

"வரட்டும். வந்து அவன் கையால போடட்டும். நான் காலைலயே போன் போட்டுப் பேசிட்டேன். லீவு கேட்டுட்டுச் சொல்லுதேன்னான்."

ஐயருக்கு முகம் மாறிவிட்டது. "அம்மா, அஸ்திய வீட்டுக்குள்ள திரும்பக் கொண்டு போறது வழக்கமில்ல. நாளும் ஏற்கெனவே தள்ளிப் போயாச்சு."

"அங்கன அந்தப் பிள்ள வீட்டுக்குள்ளதான வச்சிருந்தான். தினமும் சொல்லிட்டுத்தான் வேலைக்குப் போனானாம். அவனுக்கு என்ன வந்துட்டு? எங்களுக்கு மட்டும் என்ன வந்துரப் போகுது?"

ஐயர் என்னைப் பார்த்தார். முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னவள் சண்முகவடிவுதான், கரைக்க வேண்டும் என்றவளும் அவள்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம். ஐயரிடம், "மாப்பிள்ள வந்ததும் சொல்லுதேன் சாமி" என்று சொல்லிவிட்டுக் கரையேறினேன். வேட்டியைப் பிழிந்து உதறினேன்.

சண்முகவடிவு கைப்பிடிச் சுவரைப் பிடித்து மெதுவாகப் படியேறினாள். பையை என்னிடம் தரச் சொன்னேன். தரவில்லை. ஆட்டோவில் அதை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். ரோடு முழுக்கப் பள்ளம். வண்டி குலுங்கும் ஒவ்வொரு தடவையும் முன்னால் குனிந்து டிரைவரிடம், "மெதுவாப் போப்பா, பிள்ள இருக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.